அப்பாவுக்கு சூப்பர் விசா காப்பீடு: எடுத்த அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். சூப்பர் விசா என்பது கனடாவில் இருப்பவர்களின் பெற்றோர் நீண்ட நாள் வந்து தங்குவதற்கான விசா; அதற்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். எங்கள் ஊர் ஒரத்தநாடு பக்கம். அப்பாவுக்கு 74 வயது, அம்மாவுக்கு 68. நான் டொராண்டோவில் பி.ஆர். (நிரந்தரக் குடியிருப்பு), தம்பி அமெரிக்காவில் டெக்சாஸில் எச்1பி வேலை விசாவில். பொங்கலுக்கு நான் மட்டும்தான் போனேன். அமெரிக்காவை விட்டு வெளியே வந்தால், திரும்பிப் போகத் தேவையான விசா முத்திரை சிக்கலாகிவிடுமோ என்ற பயத்தில் தம்பி வரவில்லை. பானை பொங்கியதை வீடியோவில்தான் பார்த்தான்.

மாட்டுப் பொங்கலன்று கொம்புக்கு வர்ணம் பூசக் குனிந்த அப்பா, நிமிர முடியாமல் கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். முழங்கால் வலி, அதோடு பல வருடச் சர்க்கரை. இன்சுலின் அளவை டிசம்பரில்தான் கூட்டினார்கள்.

நானே ஊரோடு இருந்துவிடலாம் என்றால், பி.ஆர். நிலைக்க 5 ஆண்டுகளில் 730 நாள் கனடாவில் இருந்தாக வேண்டும். நிலத்தைக் குத்தகைக்கு விடச் சொல்லிப் பார்த்தோம். 1955 குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டப்படி குத்தகைதாரரை லேசில் எழுப்ப முடியாது என்று அப்பா மறுக்கிறார்; அந்தப் பயம் நியாயமானதுதான். பெற்றோரை நிரந்தரமாகக் கனடாவுக்கு அழைத்துக்கொள்ள ஸ்பான்சர் செய்யலாம் என்றால், அதற்கு அரசிடமிருந்து அழைப்பு வரவேண்டும், எனக்கு வரவில்லை.

மிச்சம் சூப்பர் விசாதான். அறுவடை முடிந்து குறுவை தொடங்கும்வரை வந்திருக்க ஒருவழியாகச் சம்மதித்திருக்கிறார். ஆனால் இந்த விசாவுக்குத் தேவையான 1 லட்சம் டாலர் காப்பீட்டில், மருந்தளவு சமீபத்தில் மாறியதால் சர்க்கரை தொடர்பான செலவை ஏற்கமாட்டோம் என்கிறார்கள் காப்பீட்டு நிறுவனத்தார். முகவர்களிடமும் கேட்டாயிற்று, அதே பதில்.

இன்சுலின் அளவு மாறிய சில மாதங்களுக்குள், சர்க்கரையையும் சேர்த்து யாராவது பெற்றோருக்குக் காப்பீடு எடுத்திருக்கிறீர்களா? எடுத்திருந்தால் எந்த வகைத் திட்டம்?