புதுப்பிப்பு: இன்ஜின் ஓடுகிறதா என்று சிம்கனெக்ட் வழியே அறிவது

சிம்கனெக்ட் என்பது மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரோடு வெளி நிரல்கள் தரவு பரிமாற உதவும் இடைமுகம். அதில் ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுழற்சி) அளவை வைத்து இன்ஜின் ஓடுகிறதா என்று தீர்மானிக்கலாமா என்பதுதான் முன்பு கேட்ட கேள்வி. கூடாது. பறக்கும்போது எரிபொருளை நிறுத்தினாலும் எதிர்க்காற்று புரொப்பெல்லரைச் சுழற்றிக்கொண்டே இருக்கும். ஆர்பிஎம் பூஜ்யத்துக்கு வராது.

படிக்க வேண்டியது ‘ஜெனரல் இன்ஜ் கம்பஸ்சன்’ (GENERAL ENG COMBUSTION) என்ற மாறி. அலகு பூல், அதாவது ஓடினால் 1, இல்லாவிட்டால் 0. இன்ஜின் எண் 1-இலிருந்து தொடங்கும், 0-இலிருந்து அல்ல. எத்தனை இன்ஜின் என்பதை ‘நம்பர் ஆஃப் இன்ஜின்ஸ்’ மாறியில் கேளுங்கள். விமானம் மாறும்போதெல்லாம் மறுபடியும் கேட்க வேண்டும்.

பலரும் சறுக்கும் இடம் தரவு வகை. வகையைக் குறிப்பிடாவிட்டால் சிம்கனெக்ட் 8 பைட் மிதவை எண்ணாக அனுப்பும். உங்கள் நிரலில் தரவை வாங்கும் ஸ்ட்ரக்டில் 4 பைட் முழு எண் இருந்தால் அதற்குப் பின்னால் வரும் எல்லா மதிப்புகளும் இடம் மாறிக் குப்பையாகத் தெரியும். ஆகவே இன்ட்32 (4 பைட் முழு எண்) என்று வெளிப்படையாகவே எழுதுங்கள்.

கோரிக்கையை நொடிக்கு ஒருமுறை வைத்து, மதிப்பு மாறினால் மட்டும் அனுப்பும் கொடியை (ஃபிளாக்) சேர்த்தால் போதும்.

ஜெட்டில் எரிபொருள் எரியத் தொடங்கியவுடனேயே இந்த மதிப்பு 1 ஆகிவிடலாம், ஐடில் வேகம் (சும்மா ஓடும்போதுள்ள குறைந்தபட்ச வேகம்) வந்திருக்காது. ‘ஸ்டார்ட் முடிந்தது’ என்று அறிவிக்க என்2 (ஜெட் இன்ஜினின் உள் சுழலியின் வேகம்) சதவீதம் நிலைபெறுவதையும் ஸ்டார்ட்டர் அணைந்ததையும் சேர்த்தே பாருங்கள். தனி இன்ஜின் மாதிரி கொண்ட ஆட்-ஆன் விமானங்களில் எல்-வேர் (அந்த விமானத்துக்கென்றே உருவாக்கப்பட்ட தனி மாறி) தேவைப்படலாம்.