ஒருதடவையும் தரையில் விழாத குத்துச்சண்டை வீரருக்கும் மூளைப் பாதிப்பு வருமா?

பரந்தன்வாசி:
வணக்கம். என் மூத்த மாமாவுக்கு இப்போது 69 வயது. எழுபதுகளின் நடுப்பகுதி முதல் கொழும்பில் வேலை பார்த்துக்கொண்டே பாரமான எடைப்பிரிவில் குத்துச்சண்டைப் போட்டிகளில் இறங்கியவர், 1983 கலவரத்தோடு எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஊருக்கு வந்து வயலைப் பார்க்கத் தொடங்கினார். தன்னை ஒருவரும் தரையில் விழுத்தியதில்லை என்பதை இன்றும் பெருமையாகச் சொல்வார்.

மூன்று ஆண்டுகளாக அவருடைய வலக்கை நடுங்குகிறது, பேச்சு இழுபடுகிறது. கடந்த காலபோகத்தில் இரவு மடையைத் திறந்துவிட்டு மூட மறந்ததால், விடியும்போது பக்கத்து வயலின் வரம்பு உடைந்து கிடந்தது. வங்கியில் பணம் எடுக்கப் போனபோது, எழுத்துகள் எறும்பு ஊர்ந்ததுபோலச் சிறுத்துவிட்டதால் கையொப்பம் பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். முதலில் காட்டிய வைத்தியர் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, வயதுதான் காரணம் என்றார்.

நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு வாங்கிய அடி இப்போது வேலை காட்டுமா? ஸ்கானில் தெரியுமா? என் தம்பியின் மகன், 16 வயதுப் பையன், இப்போது குத்துச்சண்டை பழகத் தொடங்கியிருப்பதால் இந்தக் கேள்வி எனக்கு இரட்டிப்பாக முக்கியமானது.

ஓய்வுபெற்ற வைத்தியர்:
தம்பி, விழாமல் நின்றது மூளை தப்பியதற்குச் சான்றாகாது. மூளை திரவத்தில் மிதக்கும் மென்மையான உறுப்பு; பக்கவாட்டிலிருந்து தாடையில் விழும் குத்து தலையைத் திடீரென்று திருப்பும்போது, உள்ளே நீண்டு ஓடும் நரம்பிழைகள் இழுபடுகின்றன. அந்த இழைகளின் கட்டுக்கோப்பைத் தாங்கும் ரோ (tau) என்ற புரதம் பிரிந்து, பிற்காலத்தில் சிக்குப்பட்ட நூல்போல உயிரணுக்களுக்குள் தேங்குகிறது. மயக்கம் வராத சிறிய அடிகளும் இந்தக் கணக்கில் சேரும். குறிகள் தலைகாட்டப் பல ஆண்டுகள், சிலவேளை பல தசாப்தங்கள் பிடிக்கும்.

இது புதிய கண்டுபிடிப்புமல்ல. குடிக்காமலே வெறிகாரன்போலத் தள்ளாடும் முன்னாள் வீரர்களைப் பற்றி அமெரிக்க நோயியல் வல்லுநர் ஹாரிசன் மார்ட்லண்ட் 1928-இலேயே எழுதினார். (உங்கள் மாமாவையும் ஊரில் யாராவது அப்படிச் சந்தேகித்திருந்தால், இந்தத் தகவலைச் சொல்லுங்கள்.) பிரித்தானியாவில் பதிவுபெற்றிருந்த தொழில்முறை வீரர்களில் 224 பேரை ஆராய்ந்து ரொபர்ட்ஸ் என்ற வைத்தியர் 1969-இல் வெளியிட்ட முடிவின்படி, 17 விழுக்காட்டினரிடம் இந்தப் பாதிப்புக் காணப்பட்டது, நீண்ட காலம் ஆடியவர்களிடமே அது கூடுதலாக இருந்தது. ஆறு பேரில் ஐவர் தப்பினார்கள் என்பதையும் அதிலேயே படிக்க வேண்டும். 1973-இல் ஆய்வாளர் கோர்செலிசும் அவருடைய சகாக்களும், இறந்த 15 வீரர்களின் மூளைகளை விவரித்தபோது, நடுக்கத்தைத் தரும் பார்க்கின்சன் நோயில் தேயும் மூளையின் அதே கரும்பகுதியும் பலரிடம் தேய்ந்திருந்தது.

ஆனால் அடிகளால் வரும் இந்த மூளைநோயை, இறந்தபின் மூளையை ஆராய்ந்துதான் உறுதிசெய்ய முடியும். அப்படியானால் ஸ்கான் எதற்கு என்று கேட்பீர்கள். குணப்படுத்தக்கூடிய வேறொன்று ஒளிந்திருக்கிறதா என்று பார்ப்பதற்கு. சைக்கிளிலிருந்து சரிந்து வரம்பில் தலை மோதியிருந்தாலே, மண்டையோட்டுக்குக் கீழ் இரத்தம் வாரக்கணக்கில் மெல்லத் தேங்கி, இதே தள்ளாட்டத்தையும் மறதியையும் தரலாம், சி.ரி. ஸ்கானில் அது தெரியும், சத்திரசிகிச்சையால் அதை அகற்றலாம். தைரொயிட், விற்றமின் பி 12 பரிசோதனைகளையும் கேளுங்கள். நடுக்கமும் சிறுத்த கையெழுத்தும் பார்க்கின்சனின் குறிகளாக இருக்கலாம் என்பதால், நரம்பியல் கிளினிக்குக்குக் கடிதம் வாங்குங்கள். லெவோடோபா மருந்து சிலருக்கு நல்ல பலன் தரும். குத்துச்சண்டை ஆடியதை நீங்களாகவே சொல்லுங்கள், 69 வயது விவசாயியிடம் அதை யாரும் கேட்கமாட்டார்கள். யுத்த காலத்தில் எறிகணை வெடிப்பில் தலையில் அடிபட்டிருந்தால் அதையும் சொல்ல வேண்டும்.

வட்டக்கச்சியான்:
ஐயா சொன்னதற்கு ஹெவிவெயிட் வீரர்களின் வரலாறே சாட்சி. கனடாவின் ஜோர்ஜ் சுவாலோ 93 தொழில்முறைப் போட்டிகளில் ஒருதடவைகூடத் தரையில் விழவில்லை. முகமது அலி, ஜோ பிரேசியர், ஜோர்ஜ் போர்மன் ஆகிய மூவரின் குத்துகளையும் நின்றபடியே வாங்கியவர் அவர். முதுமையில் அவரையும் மறதிநோய் பிடித்தது. விழாதவனே கூடுதலாக அடி வாங்குகிறான் என்பது என் கணிப்பு. விழுபவனுக்காக நடுவர் எண்ணத் தொடங்குவார். நிற்பவனுக்கு மணியடிக்கும் வரை விடுதலையில்லை.

புளோயிட் பற்றர்சன் 1956-இல் 21 வயதில் ஆர்ச்சி மூரை வீழ்த்தி உலகப் பட்டம் வென்றவர். 1998-இல், நியூயோர்க் மாநில விளையாட்டு ஆணையத்தின் தலைவராக இருந்தபோது, வாக்குமூலம் ஒன்றில் யாரை வென்று அந்தப் பட்டத்தைப் பெற்றார் என்பதைக்கூட நினைவுகூர முடியாமல் பதவி விலகினார். இன்னொரு ஹெவிவெயிட் வீரர் ஜெரி குவாரியின் கதை இன்னும் கொடியது. பாதிப்புத் தெரிந்த பின்னும் 1992-இல், 47 வயதில், மீண்டும் மேடையேறி ஆறு சுற்றுகள் அடி வாங்கினார். 1999-இல் 53 வயதில் இறக்கும்போது அவரால் தானாக உண்ணவோ உடுக்கவோ முடியவில்லை. இதில் எனக்கு வீரரைவிட, மேடையேற விட்டவர்கள்மீதுதான் கோபம்.

அலியைப் பொறுத்தவரை அவசரப்பட்டு முடிவு கட்டக்கூடாது. 1981-இல் ஓய்வுபெற்ற அவருக்கு 1984-இல் பார்க்கின்சன் என்று அறிவித்தார்கள். அவரைக் கவனித்த நரம்பியல் வல்லுநர்கள், லெவோடோபாவுக்கு உடல் இணங்கியதையும் நோய் நகர்ந்த விதத்தையும் வைத்து, அது இளவயதில் தொடங்கிய வழமையான பார்க்கின்சனே என்று பின்னாளில் எழுதினார்கள். அடிகளுக்கு அதில் பங்கில்லை என்று அதற்குப் பொருளில்லை. இன்னொரு ஆய்வு அவருடைய பழைய செவ்விகளின் ஒலிப்பதிவை அளந்து, 1968-க்கும் 1981-க்கும் இடையில் பேச்சின் வேகம் 26 விழுக்காடு குறைந்ததாகக் காட்டியது. நோயின் பெயர் தெரிவதற்கு முன்பே குரலில் தெரிந்திருக்கிறது.

எதிர்ச்சாட்சியும் உண்டு. 81 போட்டிகள் ஆடி, 45 வயதில் பட்டத்தை மீட்ட போர்மன், 2025-இல் 76 வயதில் இறக்கும் வரை தெளிவாகவே பேசினார். நடுவில் பத்தாண்டுகள் கையுறையைத் தொடாமல் இருந்தது உதவியிருக்கலாம் என்பது என் ஊகம் மட்டுமே.

பரந்தன்வாசி, மாமாவின் பழைய கலியாணக் காணொளி ஏதாவது இருந்தால் போட்டு, அப்போது எப்படிப் பேசினார் என்று கேட்டுப் பாருங்கள்.

வவுனியாப் பயிற்றுநர்:
பையனைப் பற்றி மட்டும் சொல்கிறேன். போட்டிகளைவிடப் பயிற்சிக் களத்தில்தான் தலை அதிகம் அடிபடுகிறது. ஆண்டுக்கு நாலைந்து போட்டி ஆடுபவன் பயிற்சியில் நூற்றுக்கணக்கான சுற்றுகள் ஆடுவான். தலைக்கவசம் வெட்டுக்காயத்தைக் குறைக்கும், மூளை உள்ளே திரும்புவதைத் தடுக்காது. உலக அமெச்சூர் அமைப்பு 2013-இல் ஆண்களின் உயர்மட்டப் போட்டிகளில் அதை நீக்கியேவிட்டது. கையுறையும் முதலில் காப்பது அடிப்பவனின் கையைத்தான்.

எங்களிடம் வாரத்தில் ஒருநாள் மட்டுமே எதிராளியோடு ஆட விடுகிறோம். 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அன்றும் உடம்பில் மட்டுமே குத்து. தலையிடியோ குமட்டலோ சொன்னால், வைத்தியர் எழுதித் தரும் வரை கையுறை கிடையாது. உங்கள் பையன் பழகும் இடத்தில் இவற்றைக் கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் வேறு விளையாட்டுக்கு மாற்றிவிடுங்கள்.

பரந்தன்வாசி:
எல்லோருக்கும் நன்றி. படங்களும் காணொளிகளும் 2009 இடப்பெயர்வில் போய்விட்டன. ஆனால் கனடாவிலுள்ள சின்னம்மாவுக்கு 1987-இல் மாமா குரல் பதிந்து அனுப்பிய கசற் அவரிடம் பத்திரமாக இருந்தது. கைபேசியில் பதிவுசெய்து அனுப்பினார். கிணறு வற்றியதையும் சிவலைப் பசு கன்று போட்டதையும் மாமா அதில் 12 வினாடியில் சொல்லி முடிக்கிறார். அதே வரிகளை நேற்று எழுதிக் கொடுத்து வாசிக்கச் சொன்னபோது 21 வினாடி எடுத்தது.

எத்தனை போட்டி என்று கேட்டேன். விரல் மடித்து எண்ணி, முப்பத்தெட்டு என்றார். பயிற்சியில் எத்தனை சுற்று என்றபோது சிரித்துவிட்டு, "அதை ஆர் எண்ணினது?" என்றார். வாரத்தில் ஐந்து நாள், ஏழு ஆண்டுகள்.

சி.ரி. ஸ்கானுக்கு அடுத்த மாதம் திகதி தந்திருக்கிறார்கள். கசற் பதிவையும் வங்கி திருப்பிய படிவத்தையும் கொண்டுபோகிறேன். பையனின் பயிற்றுநரை ஞாயிறன்று சந்திக்கிறேன்.