ரத்தப் புற்றுநோய் குணமான பிள்ளைகளின் கவனக்குறைவு: எங்கள் அனுபவங்கள்

காரைக்குடியிலிருந்து ஒரு தாய்:

"நோய்தான் போய்விட்டதே, இன்னும் என்ன கவலை?" என்று கேட்கிறார்கள். என் மகனுக்கு நான்கு வயதில் லிம்போபிளாஸ்டிக் வகை ரத்தப் புற்றுநோய் வந்தது. இரண்டரை ஆண்டு சிகிச்சையில் நன்றாகக் குணமானான். மூன்றாம் வகுப்பு வரை படிப்பிலும் குறையில்லை. அதன் பிறகுதான் சறுக்கல்.

கழித்தல் கணக்கில் பத்தாம் இடத்திலிருந்து கடன் வாங்கி ஒன்றாம் இடத்தைச் சரியாக முடித்துவிடுவான். அடுத்த இடத்துக்கு வருவதற்குள் கடன் வாங்கியதே நினைவில் இருக்காது. பென்சில் நின்றுவிடும். கரும்பலகையில் இருப்பதில் பாதியை எழுதுவதற்குள் மணி அடித்துவிடும். துறுதுறுவென்று ஓடும் பிள்ளைக்குத்தான் கவனக்குறைபாடு என்று நினைக்கிறோம். இவன் பிள்ளையார்பட்டிப் பிள்ளையார் போல அசையாமல் உட்கார்ந்திருப்பான். அதனாலேயே பள்ளியில் சோம்பேறி என்றார்கள். அவன் அப்பத்தா கண்ணேறு என்று மிளகாய் சுற்றிப் போட்டார்.

ஆண்டுச் சோதனைக்குப் போனபோது மருத்துவரிடம் இதைச் சொன்னேன். புற்றணுக்கள் மூளையைச் சுற்றியுள்ள நீரில் ஒளிந்துகொள்ளும்; நரம்பில் ஏற்றும் மருந்துகளில் பல அங்கே போதுமான அளவு எட்டுவதில்லை. அதனால்தான் முதுகுத்தண்டில் மெத்தோட்ரெக்சேட் என்ற புற்றுநோய் மருந்தை ஊசியாகப் போடுகிறார்கள். மூளைக்குக் கதிர்வீச்சு கொடுத்தால் பாதிப்பு இன்னும் கூடுதல்; ஊசி மட்டும் போட்ட பிள்ளைகளிலும் சிலருக்குக் கவனமும் வேகமும் குறைவதுண்டு. அது பெரும்பாலும் சிகிச்சை முடிந்து ஆண்டுகள் கழித்துத்தான் வெளியே தெரியும் என்றார். மிகச் சிறு வயதில் சிகிச்சை பெற்றவர்களுக்கும் பெண் குழந்தைகளுக்கும் வாய்ப்பு அதிகமாம்.

அந்த மருந்தை நான் குறை சொல்ல மாட்டேன். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ் தலைமையில் இயங்கிய அமெரிக்க ஆய்வுக்கூடத்தில் உருவானது அது. என் பிள்ளை உயிரோடு இருப்பது அதனால்தான். ஆனால் பின்விளைவு இருக்கிறது என்று சிகிச்சை முடிந்த அன்றே பெற்றோரிடம் சொல்லியனுப்ப வேண்டும்.

உளவியலாளர் சோதித்துப் பார்த்தார். அறிவுத்திறன் இயல்பாகவே இருந்தது. வேகமும், ஒன்றை மனத்தில் நிறுத்திக்கொண்டே அடுத்ததைச் செய்யும் திறனும்தான் குறைவு. அந்த அறிக்கையைக் காட்டியதும் பள்ளியின் பேச்சே மாறியது.

தேவகோட்டையிலிருந்து ஒரு தந்தை:

என் மகளுக்கும் இதேதான், அக்கா. அவளுக்குக் கவனத்தைக் கூட்டும் மெத்தில்பெனிடேட் மாத்திரை கொடுக்கிறோம். பாடத்தில் கூடுதல் நேரம் நிற்கிறாள். பசி குறைகிறது, அதனால் காலைப் பலகாரம் முடிந்த பிறகே மாத்திரை. எடையையும் உயரத்தையும் மருத்துவர் தவறாமல் குறித்துக்கொள்கிறார். எல்லாப் பிள்ளைக்கும் இது ஒத்துவராது என்றும் சொன்னார். நீங்களாக வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

பள்ளத்தூரிலிருந்து ஓர் ஆசிரியை:

என் வகுப்பில் அப்படி ஒரு மாணவி இருக்கிறாள். முன்வரிசையில், சன்னலிலிருந்து தள்ளி உட்காரவைத்தேன். பலகையைப் பார்த்து எழுதச் சொல்வதில்லை; குறிப்பை அச்சிட்டே கொடுத்துவிடுகிறேன். ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் சொல்கிறேன். தேர்வில் கூடுதல் நேரம் கொடுத்ததும் அவளுக்குத் தெரிந்ததெல்லாம் தாளில் வந்தது. பொதுத்தேர்வுச் சலுகைக்குச் சான்றிதழ் வேண்டும். பத்தாம் வகுப்பு வரை காத்திருக்காமல் இப்போதே தலைமையாசிரியரிடம் பேசிவிடுங்கள் அம்மா.