பம்ப் பயிற்சியில் ஏஆர் வட்டம் பக்கத்து போல்ட்டுக்கு ஓடிவிடுகிறது, உதவுங்கள்

கடலூர்_மெயின்டெனன்ஸ்:
வணக்கம். கடலூர் சிப்காட்டில் ஒரு ரசாயன ஆலையில் ஐடிஐ முடித்து வரும் பிட்டர் பையன்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். இப்போதைய பாடம் சென்ட்ரிபியூகல் பம்பில் மெக்கானிக்கல் சீல் (சுழலும் ஷாப்ட் வழியாகத் திரவம் கசியாமல் தடுக்கும் பாகம்) மாற்றுவது. சீல் பற்றி நன்றாகத் தெரிந்த நிபுணர் புனேயில் இருக்கிறார். அதனால் ஏஆர் (கேமரா காட்சியின் மேல் குறிகளைச் சேர்த்துக் காட்டும்) செயலி போட்ட டேப்லெட் வழியாக நடத்துகிறோம். ஒருவன் டேப்லெட்டைப் பிடிக்க, இன்னொருவன் வேலை செய்கிறான். அவர் அங்கே திரையில் வட்டம் போட்டால் இங்கே பம்பின் மேல் ஒட்டியதுபோல் நிற்க வேண்டும்.

முதலில் நிற்கிறது. பையன் அந்தப் பக்கம் போய்த் திரும்பி வந்தால், சீலைப் பிடித்து வைக்கும் கிளாண்ட் தட்டின் ஒரு போல்ட்டில் போட்ட வட்டம் அடுத்த போல்ட்டில் இருக்கிறது. எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்க வேண்டிய இடம் இது. வரிசை மாறினால் கிளாண்ட் சாய்ந்து, சீல் முகங்கள் நேராக உட்காராமல் லீக் ஆகும். பையன்கள் தப்பாகப் பழகிவிடுவார்களோ என்று கவலையாக இருக்கிறது. குரலும் விட்டுவிட்டுக் கேட்கிறது.

வில்லியனூர்_மென்பொருள்:
சார், பம்ப் என்ன உலோகம்? வெளிச்சம் எப்படி? நிபுணர் வட்டம் போடும்போது டேப்லெட் அசையாமல் இருக்கிறதா?

கடலூர்_மெயின்டெனன்ஸ்:
எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) கேசிங், நல்ல பளபளப்பு. ஒர்க்‌ஷாப் பெஞ்சில் வைத்த பழைய பம்ப், பின்னால் வெள்ளைச் சுவர், மேலே ஒரு டியூப்லைட். டேப்லெட் கையில்தான், அசையத்தான் செய்யும். இது சரியானால் பம்ப் ஹவுஸுக்கே எடுத்துப் போகலாம் என்கிறார் மேனேஜர்.

வில்லியனூர்_மென்பொருள்:
அப்படியென்றால் காரணம் தெரிகிறது. கேமரா படத்தில் உள்ள மூலைகள், கீறல்கள், எழுத்துகள் போன்ற புள்ளிகளைப் பிடித்து, அசைவு சென்சார்களின் கணக்கையும் சேர்த்துத்தான் டேப்லெட் தன் இடத்தை அறிகிறது. வெள்ளைச் சுவரில் பிடிக்க ஒன்றும் இல்லை. எஸ்எஸ் கேசிங்கில் தெரிவது டியூப்லைட்டின் பிரதிபலிப்பு, ஆள் நகர்ந்தால் அதுவும் நகரும். ஒரே மாதிரியான போல்ட்டுகளும் அதைக் குழப்பும்.

பெஞ்சிலும் பேஸ்பிளேட்டிலும் ஒழுங்கற்ற கறுப்பு வெள்ளை வடிவங்கள் அச்சிட்ட தாள்களை ஒட்டுங்கள். ஒவ்வொன்றும் வேறு வடிவமாக, மினுமினுப்பு இல்லாத தாளாக இருக்கட்டும். கேசிங்கில் மாஸ்கிங் டேப் போடலாம். பக்கவாட்டில் இன்னொரு விளக்கு வையுங்கள். தொடங்குமுன் பம்பைச் சுற்றி மெதுவாக ஒரு நடை காட்டுங்கள்.

முக்கியமாக, படத்தை நிறுத்திவைத்து வரையும் வசதி செயலியில் இருக்கிறதா பாருங்கள். புனேயில் அவர் பார்ப்பது கொஞ்சம் பழைய காட்சி. அதற்குள் உங்கள் கை நகர்ந்திருந்தால் வட்டம் வேறு இடத்தில் விழும்.

1990களின் தொடக்கத்தில் போயிங்கில் டாம் காடெலும் டேவிட் மைசெலும் இந்தத் தொழில்நுட்பத்தை யோசித்ததே விமானத் தொழிலாளர்களுக்காகத்தான். வயர் கட்டும் பலகை மேல் வரைபடத்தைக் காட்டுவது அவர்கள் முயற்சிகளில் ஒன்று. அது அசையாத தட்டைப் பலகை. உங்களுடையது உருண்டையான, மின்னும் பம்ப், அதனால் இவ்வளவு பாடு.

சேப்டி_பாகூர்:
பம்ப் ஹவுஸ் விஷயத்தில் ஒரு வேண்டுகோள். டொலுவீன், மெத்தனால் போன்ற எளிதில் தீப்பற்றுபவை ஓடும் இடம் என்றால் சாதாரண டேப்லெட்டை உள்ளே கொண்டுபோக வேண்டாம். அந்த இடம் எந்த ஸோன் (தீப்பற்றும் ஆவி இருக்கும் வாய்ப்பைப் பொறுத்த அபாயப் பிரிவு) என்று ஆலையின் வரைபடத்தில் பாருங்கள். அந்த ஸோனுக்குச் சான்று பெற்ற கருவிதான் போகலாம், நம் நாட்டில் பெசோ (மத்திய அரசின் பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு) ஒப்புதலையும் கேளுங்கள். ரியல்வேர் எச்எம்டி-1இசட்1 போல ஸோன் 1 சான்றுள்ள, ஹெல்மெட்டில் மாட்டும் கருவிகள் உண்டு. ஆனால் அதில் கண்ணருகே ஒரு சின்னத் திரைதான், பம்பின் மேல் வட்டம் ஒட்டி நிற்காது. மைக்ரோசாப்டின் ஏஆர் கண்ணாடியான ஹோலோலென்ஸ் 2 வாங்கும் யோசனை இருந்தால், 2024-லேயே அதன் உற்பத்தி நின்றுவிட்டது.

நெல்லிக்குப்பம்_பிட்டர்:
தம்பி, நான் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். வட்டம் எந்த போல்ட் என்று சொல்லும், எவ்வளவு முறுக்க வேண்டும் என்று சொல்லாது. முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சைக் கையில் கொடுங்கள். சீல் முகத்தை விரலால் தொடாதே, ஓ-ரிங் ஏறும் இடத்தில் பிசிறு இருக்கிறதா தடவிப் பார் என்பதெல்லாம் பக்கத்தில் ஓர் ஆள் நின்று சொல்ல வேண்டியவை. பழகப் பழக வட்டங்களைக் குறையுங்கள். கடைசியில் புனேக்காரர் எதுவும் வரையாமல் பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கட்டும். அடுத்து எந்த போல்ட், ஏன் என்று பையன் வாய்விட்டுச் சொல்லட்டும். அதில் தெரிந்துவிடும்.

கடலூர்_மெயின்டெனன்ஸ்:
எல்லோருக்கும் நன்றி. தாள் ஒட்டி, விளக்கு வைத்து, படத்தை நிறுத்தி வரையச் சொன்னோம். வட்டம் இப்போது சுற்றி வந்தாலும் அதே போல்ட்டில் நிற்கிறது. ஷாப்ட் பக்கம் குனிந்து மிக அருகில் போனால் மட்டும் நழுவுகிறது. ஐயா சொன்னபடி ஒரு பையனை வட்டமே இல்லாமல் செய்ய விட்டேன். வரிசையைச் சரியாகச் சொன்னான், ஆனால் கார்ட்ரிட்ஜ் சீலின் செட்டிங் கிளிப்பை (மாட்டும்போது சீலைச் சரியான இடத்தில் பிடித்து வைப்பது) திருப்பிவிட மறந்தான். அதை இனி தனிப் பாடமாகவே எடுக்கப் போகிறேன். பம்ப் ஹவுஸ் யோசனையைச் சேப்டி ஆபீசரிடம் விட்டாயிற்று. குரல் மட்டும் இன்னும் விட்டுவிட்டு வருகிறது, ஸ்பீட் டெஸ்ட் நன்றாகத்தான் காட்டுகிறது.

வில்லியனூர்_மென்பொருள்:
டவுன்லோடைப் பார்த்திருப்பீர்கள். உங்கள் வீடியோ வெளியே போவது அப்லோடில், அந்த எண்ணைப் பாருங்கள். குறைவாக இருந்தால் செயலியில் வீடியோ தரத்தை ஒரு படி இறக்குங்கள். பையனுக்கு வாயருகே மைக் வரும் ஹெட்செட் கொடுங்கள். அருகில் போகும்போது நழுவுவதற்கு, கிளாண்ட் பக்கத்திலேயே சின்னதாக ஒரு தாள் ஒட்டிப் பாருங்கள்.