மறு: அளவுக் காரணிக்கு வேறு சொல் உண்டா?

வணக்கம் ஐயா,

ஒரு வடிவத்தைப் பெரிதாக்கவோ சிறிதாக்கவோ அதன் பக்கங்களைப் பெருக்கும் எண்ணுக்குப் (scale factor) பாடநூலில் 'அளவுக் காரணி' இருக்கும்போது புதுச்சொல் எதற்கு என்று கேட்டிருந்தீர்கள். எனக்கு 'காரணி'யோடுதான் சண்டை. பிள்ளைகள் அந்தச் சொல்லை முதலில் பார்ப்பது 12-இன் காரணிகள் 1, 2, 3, 4, 6, 12 என்று, அதாவது மீதியில்லாமல் வகுக்கும் எண்களாக. அப்புறம் இயற்கணிதத்தில் காரணிப்படுத்துதல். இரண்டிலும் ஒன்றை உடைத்து அதற்குள் இருப்பதைப் பார்க்கிறோம். வடிவியலில் திடீரென்று 'அளவுக் காரணி 3/5' என்றால் எது எதை வகுக்கிறது? ஒவ்வொரு பக்கத்தையும் 3/5 ஆல் பெருக்கு, கோணத்தைத் தொடாதே, அவ்வளவுதான் சங்கதி. ஆங்கிலத்தில் வகுக்கும் எண்ணுக்கும் இதற்கும் 'factor' என்ற ஒரே சொல் என்பது அவர்கள் பாடு.

'உருப்பெருக்கம்' என்று இன்னொரு நண்பர் எழுதியிருந்தார். அது லென்ஸ் பாடத்தில் ஏற்கெனவே குடியிருக்கிறது. 3/5 இல் உருவம் சிறுக்கிறது, அதையும் பெருக்கம் என்றால் பையன் சிரிப்பான்.

நான் சொல்வது 'நீளமடங்கு'.

மடங்கு என்றாலே மீச்சிறு பொது மடங்கு நினைவுக்கு வருமே, அது முழு எண்ணாயிற்றே என்பீர்கள். ஆனால் ஒன்றரை மடங்கு கூலி, இரண்டரை மடங்கு விலை என்று எல்லோரும் சொல்கிறோம், யாருக்கும் இடிப்பதில்லை. ஒன்றுக்குக் கீழே போனால், 'முக்கால் மடங்கு' என்னும்போது, கொஞ்சம் இடறத்தான் செய்கிறது, ஒத்துக்கொள்கிறேன்.

'நீளம்' ஏன் முன்னால் நிற்க வேண்டும் என்பதற்கு ஒரு கதை. பள்ளிக் கண்காட்சிக்காக ஏ4 தாளில் இருந்த வரைபடத்தை இரண்டு மடங்கு பெரிதாக்கி ஏ3 தாளில் கொடுங்கள் என்று ஜெராக்ஸ் கடையில் கேட்டேன். அவரும் 200 சதவீதம் என்று தட்டினார், பாதிப் படம்தான் தாளில் விழுந்தது. ஏ4 என்பது 210க்கு 297 மில்லிமீட்டர், ஏ3 என்பது 297க்கு 420. தாளின் பரப்பு இரட்டிப்பு, பக்கமோ ஏறத்தாழ 1.41 மடங்குதான், அதாவது இரண்டின் வர்க்கமூலம். இயந்திரத்தில் தட்டும் சதவீதம் பக்கத்துக்கானது, அதனால் தட்ட வேண்டியது 141. தப்பு அவர் மேல் இல்லை, வெறும் 'மடங்கு' என்று கேட்ட என் மேல்தான். நீளமடங்கு 1.41, பரப்புமடங்கு 2 என்று பிரித்துச் சொன்னால் குழப்பத்துக்கே இடமில்லை. கன அளவுக்கும் இது நீளும்: அதே வடிவச் செம்பை எல்லாப் பக்கமும் இரட்டிப்பாக்கினால் கனமடங்கு 8, பழைய செம்பால் எட்டு முறை ஊற்றினால்தான் நிரம்பும். பக்கம் இரட்டித்தால் பரப்பும் இரட்டிக்கும் என்று தேர்வில் எழுதும் பிள்ளைகளுக்குச் சொல்லே ஒரு எச்சரிக்கையாக இருக்கட்டுமே.

இலங்கை நண்பர்கள் கவனத்துக்கு: கோணங்கள் சமமாகவும் பக்கங்கள் ஒரே மடங்கிலும் இருக்கும் முக்கோணங்களை இங்கே தமிழ்நாட்டில் நாங்கள் 'வடிவொத்த முக்கோணங்கள்' என்பதை நீங்கள் 'இயல்பொத்த முக்கோணிகள்' என்கிறீர்கள். 'முக்கோணி' எனக்குப் பிடித்திருக்கிறது. 'இயல்பு' மட்டும் கொஞ்சம் பொதுவாகப் படுகிறது, வடிவம் என்றால் கண்ணுக்குத் தெரிகிறது. எப்படியும் நீளமடங்கு இரண்டோடும் ஒட்டும் என்பதால் அந்த வழக்கை இங்கே இழுக்க வேண்டாம்.

ஐயா, அந்த 'முக்கால் மடங்கு' இடறலுக்கு உங்களிடம் ஏதாவது வழி இருக்கிறதா? இருந்தால் சொல்லை மாற்றிக்கொள்ள எனக்குத் தயக்கமில்லை, காரணியாக இல்லாத வரை.