கோத்தகிரி வீட்டுக்கு எந்த ஜெனரேட்டர் சரிவரும்?

நண்பர்களுக்கு வணக்கம். கோத்தகிரிக்கு அருகே தேயிலைத் தோட்டத்தை ஒட்டி எங்கள் வீடு. போன மழையில் கற்பூர மரம் ஒன்று மின்கம்பியின் மேல் சாய்ந்து, இரண்டு நாள் மின்சாரம் இல்லை. அம்மாவுக்கு ஆக்சிஜன் செறிவூட்டி ஓடியாக வேண்டும். இன்வெர்ட்டர் நான்கு மணி நேரத்தில் கத்தி ஓய்ந்துவிட்டது. பிறகு, சிலிண்டரின் முள் இறங்குவதைப் பார்த்தபடியே விடியும்வரை உட்கார்ந்திருந்தேன். அப்படி இன்னோர் இரவு வேண்டாம்.

கையால் தூக்கக்கூடிய பெட்ரோல் ஜெனரேட்டர் வாங்க நினைக்கிறேன். செறிவூட்டிக்கு 350 வாட், ஃபிரிட்ஜுக்கு 150, விளக்குகளுக்கு 50. ஆனால் ஃபிரிட்ஜின் கம்ப்ரசர் கிளம்பும் நொடியில் பல மடங்கு இழுக்கும். அதோடு இங்கே உயரம் ஏறத்தாழ 1,800 மீட்டர். காற்று மெலிவதால் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் சுமார் 3 சதவீதம் திறன் குறையும். 2 கேவிஏ (மின்திறன் அளவு) என்று எழுதியிருப்பது இங்கே 1.6 அளவுக்குத்தான் வரும். கடைக்காரரோ சமவெளிக் கணக்கையே சொல்கிறார்.

குன்னூர், ஊட்டிப் பக்கம் இன்வெர்ட்டர் வகை (சீரான மின்சாரம் தரும்) பெட்ரோல் ஜெனரேட்டர் வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்: உயரத்துக்கு ஏற்ப, கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் சிறு துளையான ஜெட்டை மாற்றினீர்களா? உறைபனிக் காலையில் கயிற்றை இழுத்ததும் கிளம்புகிறதா? கார்பன் மோனாக்சைடு உயிரைப் பறிக்கும் என்பதால் வீட்டுக்குள்ளோ வராந்தாவிலோ வைக்கமாட்டேன். வெளியே சாரல் படாமல், புகையும் ஜன்னலுக்கு வராமல் எப்படிக் கூரை போட்டீர்கள்? படம் இருந்தால் அனுப்புங்கள். ஜூன் மழைக்குள் வாங்கிவிட வேண்டும்.