எஸ்டேட் பெண்களுக்குச் சம கூலி எப்போது வந்தது?

தேவிகுளம் பேத்தி:
வணக்கம். மூணாறு பக்கம் மூன்று தலைமுறையாகத் தேயிலைக் கொழுந்தெடுக்கும் குடும்பம் எங்களுடையது. சென்ற வாரம் லயத்தை, அதாவது எங்கள் தோட்டத்து வரிசை வீட்டை, சுத்தம் செய்தபோது, பாட்டியின் டிரங்குப் பெட்டியின் அடியில் 1973ஆம் ஆண்டின் இரண்டு சம்பளச் சீட்டுகள் கிடைத்தன. ஒன்று தாத்தாவுடையது, மற்றது பாட்டியுடையது. இருவரும் அந்த மாதம் ஒரே அளவு நாட்கள்தாம் வேலைக்கு இறங்கியிருக்கிறார்கள். ஆனால் பாட்டியின் நாள்கூலி குறைவாகப் பதிந்திருக்கிறது. இந்த வேறுபாடு எப்போது, எப்படி நீங்கியது என்பதை அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பீர்மேடு ஆசிரியர்:
சம வேலைக்குச் சம ஊதியம் என்பது நம் அரசியலமைப்பின் 39ஆம் பிரிவிலேயே அரசுக்கான நெறியாக உள்ளது. அதே கொள்கையைக் கூறும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 100ஆம் உடன்படிக்கையை இந்தியா 1958இல் ஏற்றது. இருந்தும் தோட்டங்களில் ஆண் கூலி, பெண் கூலி என்ற இரண்டு கணக்கு தொடர்ந்தது. அனைத்துலக மகளிர் ஆண்டான 1975இல் செப்டம்பர் 26 அன்று அவசரச் சட்டம் வந்து, மறு ஆண்டு அதுவே சம ஊதியச் சட்டமாயிற்று. சமமாக்குகிறேன் என்று சொல்லி ஆணின் கூலியைக் குறைக்கக் கூடாது என்பதையும் அச்சட்டம் தெளிவாக்கியது.

வண்டிப்பெரியாறு அக்கா:
ஐயா சொன்ன சட்ட வரலாறு சரிதான், ஆனால் கூலி சமமானதோடு வேறுபாடு நீங்கிவிட்டதாகத் தங்கை எண்ணிவிட வேண்டாம். தேயிலைச் செடியை வெட்டிச் சீராக்கும் கவ்வாத்துக்கும் மருந்தடிப்புக்கும் போகும் ஆண்கள் கொடுத்த அளவை முடித்துவிட்டு மதியத்திலேயே வீடு திரும்ப முடிகிறது. கொழுந்தெடுக்கும் பெண்ணோ அதே நாள்கூலிக்கு, அட்டைக்கடியோடும் முதுகுச் சுமையோடும் சாயங்கால நிறுவை வரை மலையில் நிற்கிறாள். மழை நாளில் இலையில் ஈரம் என்று தராசில் கிலோ கணக்கில் கழிப்பதை நானே கண்டிருக்கிறேன். கண்காணிப்பு வேலை பெரும்பாலும் ஆண்களுக்கே போகிறது.

வேலையைப் பெயரிடுவதிலேயே கூலி தீர்ந்துவிடுகிறது. இங்கிலாந்தில் டாகன்ஹாம் ஃபோர்டு தொழிற்சாலையில் கார் இருக்கை உறை தைத்த பெண்கள், தங்கள் வேலையைத் திறன் குறைந்ததாக வகைப்படுத்தியதை எதிர்த்து 1968இல் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதன் விளைவாக 1970இல் அங்கே சம ஊதியச் சட்டமே வந்தது. ஆனால் அந்தத் தையல் திறன் வேலைதான் என்று ஒப்புக்கொள்ள வைக்க, அவர்கள் 1984இல் மறுபடியும் வேலைநிறுத்தம் செய்ய வேண்டியிருந்தது.

நம் மலையில் 2015 செப்டம்பரில், போனஸை 20 சதவீதத்திலிருந்து 10 ஆகக் குறைத்தபோது, பெம்பிளை ஒருமை, அதாவது பெண்கள் ஒற்றுமை, என்று கூடிய நம் தமிழ்ப் பெண்கள், சங்கத் தலைவர்களையும் அருகில் விடாமல் ஒன்பது நாள் சாலையை மறித்து 20 சதவீதத்தை மீட்டார்கள். 232 ரூபாயாக இருந்த நாள்கூலியை 500 ஆக்கக் கேட்டார்கள். அந்த அக்டோபரில் 301 ஆயிற்று. அந்த நாட்களை நினைத்தால் இன்றும் எனக்குக் கண் கலங்குகிறது.

பாலக்காடு வழக்கறிஞர்:
ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். 1987இல் ஆட்ரி டி'கோஸ்டா வழக்கில், பெண் சுருக்கெழுத்தாளருக்குக் குறைந்த ஊதியம் தந்த நிறுவனத்துக்கு எதிராக உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வேலைகள் ஒத்தவையா என்பதைச் சிறு வேறுபாடுகளைப் பிடித்துக்கொண்டு முடிவு செய்யக் கூடாது என்றும், கொடுக்க வசதியில்லை என்பது காரணமாகாது என்றும் அது கூறிற்று.

தேவிகுளம் பேத்தி:
அனைவருக்கும் நன்றி. அக்காவின் பதிலைப் பாட்டிக்குப் படித்துக் காட்டி, அந்தச் சீட்டுகளை மட்டும் ஏன் இத்தனை காலம் வைத்திருந்தீர்கள் என்று கேட்டேன். அந்த மாதம் ஆண் ஆட்கள் போதாமல், பாட்டியையும் வேறு சில பெண்களையும் கவ்வாத்துக்கு அனுப்பினார்களாம். தாத்தாவுக்கு அடுத்த நிரையில் நின்று, அவர் வெட்டிய அளவே பாட்டியும் வெட்டியிருக்கிறார்.